சாகாத பெட்டி

"சாகாத பெட்டி ஒண்ணு வேணும் டீச்சர்," என்றார் அருமைநாயகம்.

குடையை மடக்கக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

சபூரா டீச்சர் ஒரு சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முதல்ல உள்ள வாங்கண்ணே. பெட்டி சாகுறதுக்கு முன்னாடி நீங்க நனைஞ்சு செத்துருவீங்க."

அருமைநாயகத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. டீச்சருக்கு முப்பத்து நாலு. தன்னைவிட இத்தனை இளையவரிடம் பாடம் கேட்க, அடைமழையில் மூன்று பஸ் மாறி ஒரு மனுஷன் மலையேறி வருகிறான் என்றால் அவனுக்கு உண்மையான கஷ்டம் இருக்க வேண்டும்.

அவருக்கு இருந்தது.

மணலடி எஸ்டேட்டில் அவர் எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு மேடு. மேட்டுக்குக் கீழே நாற்பத்தொரு லைன் வீடுகள். மேட்டின்மேல் மழைமானியும், அதோடு சேர்ந்த ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்ப் பெட்டியும் உண்டு. பெய்கிற மழையை அந்தப் பெட்டி நாள்நாளாகக் கூட்டி, எண்ணாகக் காட்டிக்கொண்டே வரும். மண் தாங்கும்வரை பச்சை விளக்கு. தாங்காது என்றால் சிவப்பு.

விளக்கைப் பார்ப்பது வீட்டுக்கு ஒரு நாள் முறை. சிவப்பு எரிந்தால் முறைக்காரர் கோயிலடியில் இருக்கும் சைரன் சங்கைக் கையால் சுற்ற வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லாரும் எழுந்து ஓட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் குடித்துவிட்டு அந்தச் சங்கைச் சும்மா சுற்றினான். கொட்டுகிற மழையில் நாற்பத்தொரு வீடும் ஓடியது. ஒரு கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரும்பாடு.

அதற்குப் பிறகு கோயில்காரர்கள் கற்பூரத்தை அணைத்தார்கள். வேதக்காரர்கள் பைபிளைத் தொட்டார்கள். சிவப்பு எரியாமல் யாரும் சங்கைத் தொடக்கூடாது என்று சத்தியம். யோசனை சொன்னது அருமைநாயகம்தான்.

"இப்ப அந்தப் பெட்டிக்கு என்ன கேடு?" என்று டீச்சர் கேட்டார்.

"அதுக்கு சோலார் தகடுதான் சோறு. மழைக்காலத்துல வெயில் ஏது? பேட்டரி இறங்கிப் பொட்டுன்னு அணைஞ்சிரும். கொஞ்சம் வெளிச்சம் வந்தா எந்திரிக்கும். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை."

"சரி."

"எழுதிக்கிட்டிருக்கும்போதே அணைஞ்சா உள்ள இருக்குற மெமரி கார்டு கெட்டுப்போகுது. போன மழையில ரெண்டு தடவை எந்திரிக்கவே இல்ல. பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல. பொணம் மாதிரி கெடந்துச்சு."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

அருமைநாயகத்துக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெட்டி நிக்கிற தரையே அந்தக் கார்டுலதான இருக்கு டீச்சர்? ரூட் ஃபைல்சிஸ்டம். புரோகிராம், செட்டிங், எழுதி வைக்கிறது, எல்லாம். அந்தத் தரையவே தூக்கி ராமுக்குள்ள, கரண்டு இருக்குறவரைக்கும் நிக்கிற மெமரிக்குள்ள, போட்டுட்டா? கார்டுல சீல் வச்ச மூலம் மட்டும் இருக்கும். எந்திரிக்கும்போது அதுலேருந்து ஒரு நகல் எடுத்து ராம்ல விரிச்சுக்கும். அணைஞ்சா நகல் போச்சு. போகட்டுமே! அடுத்த தடவை புது நகல். கார்டுல ஒரு எழுத்துகூட எழுதாது. எழுதாத கார்டு எப்படிக் கெடும்?"

"கெடாது."

"ஆங்!"

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

"ராம்லயே ரெண்டு வகை இருக்கே. ராம்எஃப்எஸ் வைக்கவா, டெம்ப்எஃப்எஸ் வைக்கவா? இதுவா, அதுவா? அதைச் சொல்லிட்டீங்கன்னா அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவேன்."

டீச்சர் எழுந்தார். மூலையில் ஒரு குழாய், அதன் கீழே ஒரு வாளி.

"குழாயைத் திறந்து விடுங்கண்ணே. நான் போதும்னு சொன்னதும் மூடுங்க."

சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வாளி நிரம்பியது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. வாளி வழிந்தது. அப்போதும் இல்லை. தண்ணீர் அருமைநாயகத்தின் காலை நனைத்து, தரையில் ஓடி, சுவரோரம் கிடந்த கரண்டுப் பலகையைப் பார்த்துப் போனது.

"டீச்சர்! கரண்டு!"

"நான் இன்னும் சொல்லலையே."

அவரே பாய்ந்து குழாயை மூடினார்.

ராம்எஃப்எஸ் அளவில்லாமல் வளரும், போதும் என்று சொல்ல அதற்கு ஆளில்லை, கடைசியில் மெமரி முழுவதையும் தின்று பெட்டியையே முழுங்கும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். படித்தது கண்ணோடு போயிருந்தது. இப்போதுதான் காலில் பட்டது.

"எல்லை போட்டதுதான்," என்றார். "டெம்ப்எஃப்எஸ்."

டீச்சர் தலையாட்டினார்.

"அப்ப நான் வர்றேன்."

"இன்னொரு கேள்வி பாக்கி இருக்கேண்ணே."

"என்ன கேள்வி?"

"அதை நீங்கதான் கேக்கணும்." டீச்சர் அவர் பையைப் பார்த்தார். "புதுப் பெட்டி எங்க இருக்கு?"

"இதோ, பையில."

"மேட்டுல?"

"மேட்டுல பழசுதான் ஓடுது."

இது பொய். பையில் இருந்தது ஒன்று. அதே மாதிரி இன்னொன்றை, எல்லை போட்ட வகையையே வைத்து, நாலு நாளைக்கு முன்பே மேட்டில் மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். அதைச் சொன்னால், தாலி கட்டிவிட்டுப் பொருத்தம் பார்க்க வந்தவன் மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். கூச்சத்தில் சொல்கிற பொய் கணக்கில் வராது என்று நம் எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

வெளியே மழை வலுத்திருந்தது. கேட்டருகே ஒருவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். பேச்சிமுத்து அண்ணாச்சி. காலையில் கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான். அறுபது வயதிருக்கும். ரோடு போடும் கூலியாக இருந்தவராம். உடம்பு தேக்குக் கட்டை.

காலையில் அவர் சொன்னது அருமைநாயகத்துக்கு நினைவிருந்தது. 'வாங்க, வாங்க. புதுசா இருக்கீங்களே, எந்த ஊரு? தூறல் இப்பத்தான் போட ஆரம்பிச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. இசக்கி சந்தைக்குப் போயிருக்கா. வந்ததும் சோறு வைப்பா.'

மூன்று நாளாகப் பெய்கிற மழையைத் தூறல் என்கிறாரே, மலைக்காரர் இல்லையா என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

"பஸ் உண்டா அண்ணாச்சி?" என்று இப்போது கேட்டார்.

அண்ணாச்சி கண்ணைக் கசக்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் அசந்து எழுந்த முகம். அருமைநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. புதுசா இருக்கீங்களே, எந்த ஊரு? தூறல் இப்பத்தான் போட ஆரம்பிச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. இசக்கி சந்தைக்குப் போயிருக்கா. வந்ததும் சோறு வைப்பா."

ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சிரிப்புகூட அதே இடத்தில் வந்தது.

அருமைநாயகம் ரோட்டுவரை போய்ப் பார்த்தார்.

வளைவில் மரம் விழுந்திருந்தது. பஸ் இல்லை.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் சாரலுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கதவின் உள்பக்கம் முழுக்கக் கரிக்கோடுகள். நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. கீழேயிருந்து மேலே நிறைந்து, இடம் போதாமல் சுவருக்கும் ஏறியிருந்தன.

"இது என்ன, மழைக் கணக்கா?"

"ஒரு வகையில," என்றார் டீச்சர். "அண்ணே, நீங்க இங்க இருக்குறவரைக்கும் ஒண்ணு மட்டும் செய்யுங்க. மழை எத்தனை நாளா பெய்யுதுன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீங்க."

"ஏன்?"

டீச்சர் கதவைத் தாழிட்டார்.

மறுநாளும் மழை. மரத்தை வெட்ட யாரும் வரவில்லை.

சுவர் மாடத்தில், விளக்கு வைக்கிற இடத்தில், ஒரு பழைய பெட்டி இருந்தது. மூடி நசுங்கி, இடுக்கெல்லாம் சிவப்பு மண் காய்ந்திருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"இது யாரு செஞ்சது டீச்சர்?"

"நான்தான். கரும்பாறைச் சரிவுல வச்சிருந்தேன்."

கரும்பாறையை எல்லாருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சரிவு முழுசாக இறங்கியது.

"இதுவும் ராம்லயா?"

"எல்லாமே ராம்லதான். ஒரு எழுத்துகூடக் கார்டுல எழுதாது."

"சரிவு எறங்குனப்ப?"

"அப்பவும் சாகல."

"மண்ணுக்குள்ள?"

"மூணாம் நாள் தோண்டி எடுத்தாங்க. கழுவி வெயில்ல வச்சேன். எந்திரிச்சுச்சு. பச்சை எரிஞ்சுச்சு. நலம், மழை பூஜ்யம்னு காட்டுச்சு."

அருமைநாயகம் கையெடுத்துக் கும்பிடாத குறை. மலையே மேலே விழுந்தும் எழுந்து நலம் சொல்கிற பெட்டி! இதற்காகத்தானே மூன்று பஸ் மாறி வந்தார்?

"இதான் டீச்சர் நான் கேட்ட பெட்டி. இதேதான்."

டீச்சர் அவரையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம் என்கிற மாதிரி இருந்தது.

அப்போது அண்ணாச்சி டீ கொண்டுவந்தார். நாலு கிளாஸ். இரண்டைக் கொடுத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, நாலாவதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார்.

"இசக்கிக்கு," என்றார் பெருமையாக. "சந்தையிலேருந்து வந்ததும் கேப்பா."

அவர் போனதும் அருமைநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் சம்சாரம் எப்ப வருவாங்க?"

"அவங்க கரும்பாறையில இருக்காங்க."

"அங்கயா? அங்க இப்ப ஒரு வீடுகூட..."

சொல்லி முடிக்கவில்லை. தட்டு கவிழ்த்த கிளாஸைப் பார்த்தார்.

"அண்ணாச்சி தலையில உத்தரம் விழுந்துச்சு," என்றார் டீச்சர். "பொழைச்சுட்டார். அந்த மழை ஆரம்பிச்ச முதல் நாள்வரைக்கும் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எதுவும் ஒட்டாது. முழிச்சிருக்குறவரைக்கும் இருக்கும். ஒரு தூக்கம் தூங்குனா போயிரும். பத்து நிமிஷத் தூக்கமா இருந்தாலும் சரி."

"சொல்லிப் பாத்தீங்களா?"

"ஏழு தடவை சொன்னேன். ஏழு தடவையும் இப்பத்தான் கேக்குற மாதிரி கதறுனார். தூங்கி எந்திரிச்சு, இசக்கி சந்தைக்குப் போயிருக்கான்னார். எட்டாவது தடவை எனக்குச் சொல்ல முடியல. அதுலேருந்து, இப்பத்தான் தூறுதுன்னு நான் ஆமா போடுற ஒவ்வொரு தடவைக்கும் கதவுல ஒரு கோடு."

மாடத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அருமைநாயகம் அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏனென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் டீச்சர் சொன்னார்: "இன்னிக்கு அண்ணாச்சி கூடவே இருங்க. அவர் செய்யுறதெல்லாம் பாருங்க."

"பாத்து?"

"பாருங்க."

இப்படிப் பேசுகிறவர்களிடம் பாடம் கேட்க வந்தால் இதுதான் வரும் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஆனால் போன கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி கெட்டிக்காரர். கூரைத் தகரத்தில் ஒழுகுகிற ஆணியைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார். வாய்க்காலில் அடைத்திருந்த சருகை மண்வெட்டியால் இரண்டே இழுப்பில் தள்ளினார். பேச்சும் நல்ல பேச்சு. அருமைநாயகத்தின் ஊரைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், கேட்டதைக் காலை முழுக்க நினைவில் வைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால், தோட்டம் முடிகிற இடத்தில், அண்ணாச்சி சட்டென்று நின்றார். கையை நீட்டி அருமைநாயகத்தைத் தடுத்தார்.

தரையில் ஒரு விரிசல். ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்தது.

அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து அந்த மண்ணை எடுத்தார். உருட்டினார். முகர்ந்தார்.

"ஊறிப்போச்சு," என்றார். "இது ஒருநாள் மழையில ஊறுன மண்ணு இல்ல தம்பி. நாலு நாள், அஞ்சு நாள் குடிச்ச மண்ணு. மேல தூறல்தான் பெய்யுதுன்னு நிக்கக்கூடாது. இனிமே இது ஒரு சொம்புத் தண்ணிக்கும் தாங்காது. வாங்க, வாங்க, நடங்க."

அருமைநாயகத்தின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் போய் டீச்சரிடம், "பின்னால யாரும் போகாதீங்கம்மா," என்றார். பின்வாசலில் குறுக்கே ஒரு கயிறும் கட்டினார். இந்த மனுஷருக்கா மூளையில் கோளாறு என்று அருமைநாயகத்துக்குத் தோன்றியது. இந்த மலையில் இவருக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்?

மத்தியானம் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் அண்ணாச்சி பெஞ்சில் சாய்ந்தார். கண் செருகியது.

பத்து நிமிஷம்கூட இருக்காது. எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடம்பு நலம், கண் தெளிவு, குரல் கணீர்.

ஜன்னலுக்கு வெளியே ஐந்தாம் நாள் மழை தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க," என்றார் அருமைநாயகத்தைப் பார்த்து. "புதுசா இருக்கீங்களே, எந்த ஊரு? தூறல் இப்பத்தான் போட ஆரம்பிச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

தானே கட்டிய கயிற்றைப் பார்த்தார். "இது யாரு இங்க கட்டுனது?" என்று அவிழ்க்கப் போனார்.

மாடத்தில் பச்சை விளக்கு. நலம். மழை பூஜ்யம்.

அருமைநாயகத்தின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"டீச்சர்," என்றார். "டீச்சர், மழைக் கணக்கு. இத்தனை நாள் பெஞ்ச மழையோட மொத்தக் கணக்கு. அதைப் பெட்டி எங்க எழுதி வைக்கும்?"

"இதான் அந்தக் கேள்வி," என்று மெல்லச் சொன்னார் டீச்சர். "நீங்க ஊருக்குப் போய்ப் பெட்டிய மாட்டுறதுக்கு முன்னாடி..."

"மாட்டிட்டேன்."

டீச்சர் எழுந்துவிட்டார்.

"இங்க வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே மாட்டிட்டேன். நீங்க கேட்டப்பப் பொய் சொன்னேன். எல்லாமே ராம்லதான் எழுதுது டீச்சர். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை அணைஞ்சு எந்திரிக்கும். ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துலேருந்து..."

"போன் சிக்னல் கேட்டுப் பக்கத்துலதான் கெடைக்கும். ஓடுங்க!"

செருப்பில்லாமல் ஓடினார். அன்றைக்கு விளக்கு முறை பாக்கியத்தாய் வீடு. மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"சித்தப்பா! எப்ப வர்றீங்க?"

"தாயி, விளக்கு என்ன எரியுது?"

"பச்சைதான். இந்த மழையில ஒரு தடவைகூடப் பெட்டி படுக்கல சித்தப்பா. அணையுது, ஒடனே எந்திரிக்குது. லைன்ல எல்லாரும் ஒங்களைத்தான் மெச்சிக்கிறாங்க."

"மழை எவ்வளவு காட்டுது?"

"நாலு மில்லி."

"எத்தனை நாளா பெய்யுது?"

"என்ன கேள்வி இது? இன்னியோட அஞ்சு நாள். ஒரு துணி காயல."

அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாக்கியம், போய்ச் சங்கைச் சுத்து."

"பச்சைல்ல எரியுது சித்தப்பா. செவப்பு எரியாம தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனதே நீங்கதான்."

"நான்தான் வாங்குனேன். பெட்டிய மாத்துனதும் நான்தான். அதுக்கு நேத்து பெஞ்சது தெரியாது தாயி. முந்தாநாள் பெஞ்சது தெரியாது. ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் இப்பத்தான் பொறந்தாப்புல எந்திரிக்குது. அது பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. ஒனக்கு அஞ்சு நாள் தெரியுதுல்ல? அதை வச்சுச் சுத்து. பாவம் என் தலையில. சுத்து!"

போனை அவள் எங்கோ போட்டுவிட்டு ஓடுவது கேட்டது. மழைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, ரொம்பத் தூரத்தில், சங்கு. முதலில் முனகலாக, பிறகு ஓங்கி.

லைன் அறுந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் அவர் கேட்டைவிட்டு நகரவில்லை. டீச்சரும் வந்து பக்கத்தில் நின்றார். குடை கொண்டுவர இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"முதல் நாளே உங்களை உக்கார வச்சு வெளிப்படையாச் சொல்லியிருக்கணும்," என்றார் டீச்சர்.

"நீங்க கேட்டீங்க. நான்தான் மறைச்சேன்."

போன் அடித்தது.

"சித்தப்பா." பாக்கியத்தாய்க்கு மூச்சு வாங்கியது. "நாலாவது லைன் இல்ல. அஞ்சாவதும் இல்ல. இருந்த இடமே தெரியல."

"ஆளுங்க?"

"எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம். ரெண்டு தடவை எண்ணிட்டோம். நாப்பத்தொரு வீடும் இருக்கு. கொமாரவேலு தாத்தாவைத்தான் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. திட்டிக்கிட்டே வந்தாரு."

அருமைநாயகம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

"சித்தப்பா, இன்னொண்ணு. மேடு பாதி போச்சு. பெட்டி இருக்குற கம்பம் மட்டும் சாஞ்சு நிக்குது. இங்கேருந்தே தெரியுது." அவள் குரல் இறங்கியது. "இன்னும் பச்சைதான் எரியுது சித்தப்பா. அதைப் பாக்கவே பயமா இருக்கு. யாரையாவது விட்டு அணைக்கச் சொல்லுங்க."

அவர்கள் உள்ளே வந்தபோது மழை கொஞ்சம் தணிந்திருந்தது. அருமைநாயகம் பையிலிருந்த பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறந்தார். மழைக் கணக்குக்கு மட்டும், அணைந்தாலும் அழியாத தனி இடம் ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டீச்சரைக் கேட்கவில்லை.

பெஞ்சில் மறுபடி அசந்திருந்த அண்ணாச்சி எழுந்தார். டீ போட்டார். நாலு கிளாஸ். நாலாவதன்மேல் தட்டைக் கவிழ்த்தார்.

"வாங்க, வாங்க. புதுசா இருக்கீங்களே, எந்த ஊரு?" ஜன்னலைப் பார்த்தார். "தூறல் இப்பத்தான் போட ஆரம்பிச்சிருக்கு. இல்ல?"

டீச்சர் வாயைத் திறந்தார். அருமைநாயகம் முந்திக்கொண்டார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார். "இப்பத்தான்."

"பயப்பட ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

"இசக்கி சந்தைக்குப் போயிருக்கா."

"வந்துருவாங்க."

அண்ணாச்சி சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு கேட்டைப் பார்க்கப் போனார்.

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கதவிடுக்கிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். கோடு போடவில்லை. அதை அருமைநாயகத்திடம் நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டு, சுவரில் இடம் தேடினார்.